வயலைப் பார்க்க வருகிறார்கள், வயல் யாருடையது?

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். வாழைத் தோப்புக்கு நடுவே ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு மாட்டு வண்டி, கட்டிலோடு ஒரு திண்ணை. சனி, ஞாயிறு என்றால் மதுரையில் இருந்தும் சென்னையில் இருந்தும் கார்கள் வந்து நிற்கின்றன. பிசான நடவு நேரத்தில் நாம் அந்தப் பக்கம் போயிருந்தோம். நகரத்துப் பிள்ளைகள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். காலனிப் பெண்கள் பத்துப் பேர் சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் இறங்கி நான்கு நாற்றை ஊன்றினான். அவன் அப்பா படம் எடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் ஊன்றியது சாய்ந்துவிட, பக்கத்தில் நின்ற அம்மாள் அதைப் பிடுங்கித் திரும்ப நட்டார்.

வேலை முடிந்து வாய்க்காலில் கால் கழுவும்போது அந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தோம். “நாத்து நடுதத பாக்கதுக்கு காசு குடுத்து வாராவ, தம்பி. நடுத எங்களுக்கு அதே கூலிதான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வது போலச் சொன்னார்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 1,500 ரூபாய் என்று இருபது பேர் வந்தால் அன்றைக்கு 30,000 ரூபாய். நட்ட பத்துப் பெண்களுக்கும் சேர்த்து 4,000 ரூபாய் கூலி என்றால், அந்தக் கூலி விருந்தாளி வராத நாளிலும் கொடுத்தாக வேண்டியதுதான். அதாவது சுற்றுலாவால் வந்த புதுப் பணத்தில் ஒரு பைசாகூட வயலில் நின்றவர்களுக்குப் போகவில்லை. வந்தவர்கள் பார்த்தது யாரை? அந்தப் பத்துப் பேரைத்தான்.

பண்ணைச் சுற்றுலா, வேளாண் சுற்றுலா, சூழல் சுற்றுலா என்று பல பெயர்களில் இப்போது பேசுகிறார்கள். 2023-ல் வந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை ஊரகச் சுற்றுலாவையும் ஒரு தனிப் பிரிவாகச் சொல்கிறது. கிராமம் வளரும், இளைஞர்கள் ஊரிலேயே இருப்பார்கள், மண்ணும் நீரும் காப்பாற்றப்படும் என்கிறார்கள். நாம் இதை எதிர்க்கவில்லை. எதிர்க்கக் கூடாது என்பதற்கு நமக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது.

வயல் வீட்டுமனையாகும்போது நிலத்துக்காரருக்கு விலை கிடைக்கிறது. குத்தகைக்காரருக்குச் சில சமயம் ஏதாவது கிடைக்கிறது. அங்கே நடவு நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை. இழப்பீட்டுப் பட்டியலில் அவர்கள் பெயரே வராது. நம் மாவட்டத்தில் நிலம் வேகமாகக் கை மாறிக்கொண்டிருக்கிறது. சில்லாநத்தம் சிப்காட்டில் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். துறைமுகத்தைச் சுற்றிக் கிட்டங்கிகள் பெருகுகின்றன. இந்த நிலையில் ஒரு வயலை வயலாகவே வைத்திருந்து நாலு காசு பார்க்க முடியும் என்றால், அந்த வயலில் வேலை செய்பவர்களுக்கும் அது நல்லதுதான். விருந்தாளிகள் நஞ்சில்லாத சாப்பாடு கேட்டு வருகிறார்கள் என்பதால் பூச்சிமருந்து குறையுமானால், அந்த மருந்தை மூக்கில் துணி கட்டிக்கொண்டு அடிக்கிற நம் பிள்ளைகளின் நெஞ்சுக்கும் நல்லது.

அதனால் நம் கேள்வி சுற்றுலா வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. அது யாருடைய நிலத்தில், யாருடைய கணக்கில், யாருடைய அடுப்பில் நடக்கும் என்பதே.

இந்தக் கரைக்கு இது புதுக் கேள்வியும் அல்ல. கொற்கை முத்து உலகமெல்லாம் போனது. ஆங்கிலேயர் காலத்தில் முத்துச் சலாபம் நடந்தபோது எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மூச்சடக்கி மூழ்கியவருக்கு ஒரு பங்கு. அந்த ஒரு பங்கிலும் படகுக்கும் கயிறு பிடித்தவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். 1961-க்குப் பிறகு இங்கே பெரிய சலாபமே நடக்கவில்லை. முத்து போய்விட்டது, “முத்துநகர்” என்ற பெயர் ரயிலுக்கும் கடற்கரைக்கும் மிஞ்சியிருக்கிறது. உப்பளத்திலும் இதே கதைதான். குஜராத்துக்கு அடுத்து அதிக உப்பு விளைவது நம் மாவட்டத்தில். பாத்தியில் நிற்பவர்களுக்கு மழைக்காலத்தில் 5,000 ரூபாய் நிவாரணம் என்ற அறிவிப்பு வருவதற்கே இத்தனை ஆண்டுகள் ஆயின. காலையில் உப்பு மேடுகளைப் படம் எடுக்க வருபவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே வேலை செய்கிற பெண்களின் கண்ணுக்கு அது இல்லை.

நம் மாவட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. திருச்செந்தூருக்கும் பனிமயமாதா கோவிலுக்கும் குலசை தசராவுக்கும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். நவதிருப்பதி ஒன்பதும் ஆற்றின் இரு கரையிலும்தான் இருக்கின்றன. ஆதிச்சநல்லூர் இருக்கிறது, சிவகளை இருக்கிறது. வல்லநாட்டு மலையில் வெளிமான் சரணாலயம் 1987-ல் இருந்து இருக்கிறது. கரைக்கு அப்பால் மன்னார் வளைகுடாத் தீவுகள். தெற்கே போனால் செக்கச் சிவந்த தேரி மண்.

வருபவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு அன்றைக்கே வண்டியேறிவிடுகிறார்கள். அவர்களை ஒருநாள் வயலோரம் நிறுத்திவைத்தால் காட்டுவதற்கு விஷயம் உண்டு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தாமிரபரணியின் கடைசி அணை. அங்கே இருந்து வடகால், தென்கால் பிரிந்து குளம் குளமாகத் தண்ணீர் போகிறது. கார், பிசானம் என்று இரண்டு பூ. ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கும் கிடைத்திருக்கிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-லேயே கிடைத்துவிட்டது. கொடிக்காலுக்குள் மத்தியான வெயிலில் நுழைந்தால் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. விடிலியில் பதனீர் காய்ச்சும் வாசனையும் அப்படித்தான்.

இதையெல்லாம் சொல்லிக் காட்டக்கூடியவர் யார்? குளத்தில் எத்தனை மடை, எந்த மடை திறந்தால் எந்தப் பத்துக்குப் பாயும், மதகுப் பலகையை எப்போது எவ்வளவு தூக்க வேண்டும் என்பதெல்லாம் நீர்பாய்ச்சிக்குத் தெரியும். மடைக்குடும்பன் என்று நம் முன்னோர் பலருக்குப் பேரே அந்த வேலையால் வந்தது. எந்த நெல் வெள்ளத்தில் நிற்கும், எந்த வாழை காற்றில் முறியும் என்பது நாற்பது ஆண்டு வயலில் நின்ற பெண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் பட்டா இவர்கள் பேரில் இல்லை. அறிவு இவர்களிடம் இருக்கிறது. வெளிநாட்டிலும் வெளி மாநிலத்திலும் வழிகாட்டிக்குத் தனிச் சம்பளம். இங்கே அதே விவரத்தைச் சொல்லும் பெரியவருக்கு ஒரு டீ. தோப்புக்காரர் அவரைக் காட்டி “நம்ம ஆளு, எல்லாம் தெரியும்” என்பார். ஆள் அவருடையவர் என்றால் அறிவும் அவருடையதாகிவிடுகிறது.

பட்டா எங்கே போனது?

பண்ணைச் சுற்றுலாவுக்கு முன்னோடி என்று எல்லோரும் காட்டுவது மகாராஷ்டிரத்தை. பாராமதிப் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. 2020-ல் அந்த மாநில அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அங்கே விவசாயிகள் வருமானம் பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த மாதிரியின் முதல் படி, உன்னிடம் நிலம் இருக்க வேண்டும் என்பது. நம் மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சமூகத்தவர். ஆற்றுப் பாசன நன்செயில் ஐந்தில் ஒரு பங்கு நம்மிடம் இருக்கிறதா? உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள். கைவிரல் போதும்.

நிலம் எப்போதுமே இல்லாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-ல் நம் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததே எல்லா அடிமைத்தனத்துக்கும் வேர் என்பது அதன் சாரம். அதன் பேரில் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான் விற்க வேண்டும். மீறினால் விற்பனை செல்லாது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பழைய பதிவேடுகளில் டி.சி. நிலம் என்று இருக்கும்.

இன்று அதில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும். மூட்டை நெல்லுக்கும் கலியாணக் கடனுக்கும் கைநாட்டு வாங்கிப் போன கதை ஒவ்வொரு காலனியிலும் உண்டு. 1994-ல் செங்கல்பட்டு மாவட்டம் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு குழுக்கள் வந்தன; 2011-ல் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையிலும் ஒரு குழு அமைக்கப்பட்டது. நிலம் வந்ததா?

இதைச் சுற்றுலாக் கட்டுரையில் ஏன் சொல்கிறோம் என்றால், ஆற்றோரத் தோப்பு வீட்டுக்கு இப்போது மதிப்பு ஏறுகிறது. மதிப்பு ஏறிய நிலம் திரும்பி வருவது இன்னும் கடினம். தகராறு உள்ள ஒரு சர்வே எண்ணில் நாளை ஓடு போட்ட நாலு அறை எழும்பி, அதற்கு மானியமும் அரசு முத்திரையும் கிடைத்துவிட்டால், அந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறவன் “வளர்ச்சிக்கு எதிரி” ஆகிவிடுவான். ஆகவே முத்திரை குத்துவதற்கு முன் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள “அ” பதிவேட்டில் சர்வே எண் வாரியாக நிலத்தின் வகை இருக்கும்; அரசின் இணையதளத்திலும் பார்க்கலாம். பழைய ஒப்படைப்பு விவரம் வேண்டுமென்றால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுப் போடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் விடுமுறையில் ஆளுக்கு ஒரு ஊருக்கு இதைச் செய்தால் போதும். எந்தக் குழுவும் இதுவரை தராத பட்டியல் நம் கையில் இருக்கும். பட்டியல் சமூகத்தவரின் நிலத்தைச் சட்டவிரோதமாக ஆக்கிரமிப்பதும் அதிலிருந்து அவரை வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியே குற்றம் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

குத்தகைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கோவில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் தலைமுறையாகப் பாடுபடுபவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 1955-ன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உங்களை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாமல் தடுக்கிறது. ஆனால் குத்தகை எழுத்தில் இல்லையென்றால் அதை நிரூபிக்கவே ஆயுள் போய்விடும். 1969-ன் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்படி பெயரைப் பதிந்துவையுங்கள். தோப்புக்குள் நீச்சல் தொட்டி தோண்ட ஆள் வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

அடுப்படி

நிலத்தைவிடச் சிக்கலானது சமையல்கட்டு. ஊரகச் சுற்றுலாவில் பாதி வருமானம் சாப்பாட்டில்தான். மண்சட்டியில் மீன் குழம்பு, வாழையிலைச் சோறு, கருப்பட்டிப் பணியாரம். நாம் பார்த்த தோப்பில் நட்ட பெண்களே அரிசி புடைத்தார்கள், தேங்காய் துருவினார்கள், பாத்திரம் கழுவினார்கள். கரண்டி பிடித்தவர் ஊர்த்தெருவில் இருந்து வந்தவர். கேட்டால், “வாரவுக யாரு என்னன்னு தெரியாதுல்லா” என்று பதில். வந்தவர்கள் யாரும் சமைத்தவர் யாரென்று கேட்டதாகத் தெரியவில்லை. கேட்காத கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுவதுதான் நம் ஊர் வழக்கம்.

இது மிகை என்று நினைப்பவர்கள் 2023 செப்டம்பரை நினைத்துப் பார்க்கட்டும். எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், காலை உணவைச் சமைப்பவர் பட்டியல் சமூகப் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிட மறுக்கிறார்கள் என்ற செய்தி நாடெங்கும் வந்தது. அதிகாரிகள் ஓடினார்கள். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அது அரசுப் பள்ளி, அரசுத் திட்டம். அதனால் கேட்க ஆள் இருந்தது. தனியார் தோப்பில் யார் போய் உட்காருவார்?

அதனால் நாம் கேட்பது இதுதான். அரசு மானியமோ பதிவோ விளம்பரமோ பெறுகிற எந்தப் பண்ணை வீட்டிலும், சமையலுக்கு யாரை வைக்கிறார்கள் என்பதும் பார்க்கப்பட வேண்டும். அதைவிட நேரான வழி ஒன்றும் உண்டு. காலனியிலேயே விருந்தாளி தங்கட்டும். நம் பெண்கள் வைக்கிற நண்டுக் குழம்பின் ருசி தெரிந்தால் வெளியூர்க்காரர் திரும்பி வருவார். அவருக்கு எந்தத் தெரு என்பது பெரிய விஷயமில்லை. அதைப் பெரிய விஷயமாக்குவது நாம் பிறந்த ஊர்தான். (தெருவிளக்கு, கழிப்பறை, வடிகால் இல்லாத காலனியில் எப்படி விருந்தாளி தங்குவார் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதை நாமும் ஊராட்சியிடம் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.)

நடத்திக் காட்டிய ஊர்கள்

பக்கத்து மாவட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் தொண்டிப் பக்கம் காரங்காடு என்ற கடலோரக் கிராமம். அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். வனத்துறை துணை நிற்கிறது. படகு ஓட்டுவதும் மீன், நண்டு, இறால் சமைத்துப் போடுவதும் உள்ளூர் மக்கள்தான். வெளியூர் முதலாளி ரிசார்ட் கட்டி, ஊர்க்காரரை வாட்ச்மேனாக வைக்கும் ஏற்பாடு அல்ல அது. புன்னைக்காயல், பழையகாயல் பக்கம் நமக்கும் அலையாத்தி இருக்கிறது.

கேரளத்தில் குமரகம். 2008-ல் அங்கே பொறுப்புச் சுற்றுலா தொடங்கியபோது குடும்பஸ்ரீ பெண்கள் காய்கறி பயிரிட்டு ஓட்டல்களுக்கு விற்றார்கள். கயிறு திரிக்கிற வீடு, பாய் முடைகிற வீடு, கள் இறக்குகிறவர் என்று விருந்தாளி ஒவ்வொரு வீடாகப் போவார். காட்டுகிற வீட்டுக்குப் பணம் போகும். 2017-ல் அதையே மாநிலம் முழுவதற்குமான இயக்கமாக்கினார்கள். அங்கேயும் குறைகள் இருக்கும். ஆனால் “பார்க்கப்படுகிறவருக்குத் தனியாகக் காசு” என்ற ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டாலே வரப்பில் நாம் பார்த்த கணக்கு மாறிவிடும்.

நமக்கு மிக நெருக்கமான கதை தெலங்கானாவில், ஜஹீராபாத் பக்கம். தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்பு 1983-ல் தொடங்கியது. அதில் சங்கமாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். நிலம் இல்லாதவர்கள், இருந்தாலும் கல்லும் கரடுமாக ஓர் ஏக்கர் வைத்திருந்தவர்கள். கூட்டாகக் குத்தகைக்கு எடுத்தார்கள், தரிசைத் திருத்தினார்கள், மழையை மட்டும் நம்பிச் சோளமும் தினையும் பயறும் கலந்து விதைத்தார்கள். விதையை வெளியே வாங்கவில்லை. வீட்டுப் பானையில் சேர்த்துவைத்தார்கள். தை மாதத்தில் அலங்கரித்த மாட்டு வண்டிகளில் அந்த விதைகளை ஏற்றி ஊர் ஊராகப் போகும் திருவிழாவை அவர்களே நடத்துகிறார்கள். 2008-ல் சொந்தமாக ஒரு சமுதாய வானொலியும் தொடங்கினார்கள். ஜஹீராபாத்தில் சிறுதானிய உணவகம் வைத்தார்கள். 2019-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் “ஈக்வேட்டர்” விருது கிடைத்தது. உலகத்தின் பல மூலையில் இருந்தும் ஆராய்ச்சியாளரும் மாணவரும் அந்த ஊர்களுக்கு வந்து போகிறார்கள்.

அங்கே எது முதலில் வந்தது என்று கவனியுங்கள். முதலில் நிலம். பிறகு விதை. பிறகு பேசுவதற்குச் சொந்தமாக ஒரு வானொலி. பார்வையாளர் கடைசியில்தான் வந்தார். நம் பக்கம் வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் பார்வையாளரைக் கூட்டி வருவோம், மற்றது தானாக வரும் என்கிறார்கள்.

தானாக வருமா? நம் மாவட்டத்துக்குள்ளேயே கொடியங்குளம் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்த பணத்தில் வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, யாரிடமும் கை கட்டாமல் நின்ற ஊர். 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை உள்ளே புகுந்தது. டி.வி., மிக்சி, தானியம் எல்லாம் நொறுக்கப்பட்டன. படிப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் நாசமாக்கப்பட்டன. குடிக்கிற கிணற்றில் நஞ்சு கொட்டினார்கள் என்று மக்கள் சாட்சி சொன்னார்கள். வருமானம் மட்டும் வந்தால் போதும், மரியாதை பின்னால் வரும் என்று சொல்பவர்களிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். அந்த ஊரில் வருமானம்தான் கண்ணை உறுத்தியது. காலனிப் பெண்கள் நாளை ஒரு தங்கும் வீடு நடத்தி, வாசலில் நாலு கார் நிற்கத் தொடங்கினால், அன்றைக்கு அவர்களுக்குப் பாதுகாப்பு யார் என்பதையும் மாவட்ட நிர்வாகம் இன்றைக்கே சொல்ல வேண்டும்.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. தாட்கோவின் நன்னிலம் திட்டத்தில், நிலமற்ற ஆதிதிராவிடப் பெண்கள் விவசாய நிலம் வாங்க, விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. ஆற்றுப் பாசன நன்செய் விலைக்கு அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது என்பது வேறு விஷயம். ஆனால் ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில், ஐந்தாறு பெண்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாங்கினால் ஒரு பண்ணைக்கு ஆகும். கம்பும் உளுந்தும் மிளகாயும் விளைகிற மண் அது. தங்கும் வீடு, உணவகம் என்று தொழிலாகச் செய்ய, அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். 2024-ல் சட்டப்பேரவை நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம், மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை ஒதுக்கச் சொல்கிறது. சுற்றுலாத் துறை நம் மாவட்டத்தில் அந்தப் பங்கை எதற்குச் செலவழித்தது என்பதும் தகவல் உரிமையில் கேட்கத்தக்க கேள்விதான்.

இன்னொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது, ஏரல் தனித்தீவானது. பள்ளத்தில் இருந்தவை எந்தத் தெருக்கள் என்று சொல்லத் தேவையில்லை. சூழல் சுற்றுலா என்ற பெயரில் ஆற்றுப் புறம்போக்கிலும் குளத்து உள்வாயிலும் கட்டடம் எழும்பினால் அடுத்த வெள்ளத்தில் தண்ணீர் திரும்புகிற இடம் நம் வீட்டு வாசல். அப்படிப்பட்ட கட்டடத்துக்கு எந்த ஊராட்சியும் வரி ரசீது போடக் கூடாது.

குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினம் என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அடுத்து எது வருகிறதோ அதில் நம் பெண்கள் எழுந்து நாலு தீர்மானம் கேட்கலாம். ஊரில் உள்ள பஞ்சமி நிலத்தின் சர்வே எண்களைப் படித்துக் காட்ட வேண்டும். பண்ணை வீட்டுக்கு அனுமதி தருமுன் அந்த எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். விருந்தாளி பார்க்க வருகிற நாளில் வயலில் நிற்பவருக்குக் கூலிக்கு மேல் காட்சிப் பங்கு எவ்வளவு என்பதை எழுதிவைக்க வேண்டும். காலனியில் தங்கும் வீடு நடத்த விரும்பும் மகளிர் குழுவுக்கு ஊராட்சி முதலில் தண்ணீரும் விளக்கும் கழிப்பறையும் தர வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் கையெழுத்துக்கு நோட்டு வரும். வழக்கமாக வெற்றுப் பக்கத்தில்தான் வாங்குவார்கள். தீர்மானத்தை எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்த பிறகு போடுங்கள்.